நான் ஏன் அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்கவில்லை



கொஞ்சம் நீண்ட பதிவு. ஏசுவதாக இருந்தால் முழுவதையும் வாசித்துவிட்டு ஏசுங்கள், அது போதும்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, எனக்கு மிகவும் வேண்டிய ஒரு காக்கா கையில் ஒரு கடிதத்தோடு நின்றார். மட்டக்களப்பு விமான நிலையத்தின் ஓடுபாதையை நீட்ட வேண்டும், பெரிய டேர்மினல் கட்ட வேண்டும், கிழக்கிலிருந்து நேரே ஜித்தாவுக்கும் டோஹாவுக்கும் விமானம் விட வேண்டும் என்று கேட்கிற கடிதம். இருநூறு பேருக்கு மேல் ஏற்கனவே கையெழுத்து வைத்திருந்தார்கள். நான் நின்று வாசித்தேன், மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். "என்ன சேர், ஊருக்கு ஒரு நல்லது வாறது உங்களுக்குப் புடிக்கல்லயா?" என்று கேட்டார். அந்த இடத்தில் விளக்கம் சொல்ல முடியவில்லை. பிறகு இரண்டு வட்ஸ்அப் குரூப்களில் என்னைப் பற்றி என்ன பேசப்பட்டது என்பதும் எனக்கு வந்து சேர்ந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆசை எனக்கு இல்லாமல் இல்லை. உம்மாவை உம்றாவுக்கு அனுப்பிய இரவு எனக்கு இன்னும் மறக்கவில்லை. விடியற்காலை விமானம். காத்தான்குடியிலிருந்து அஸர் தொழுதுவிட்டு வானில் ஏறினோம். உம்மாவுக்குச் சீனி வருத்தம், இரண்டு முழங்காலும் சரியில்லை. பொலன்னறுவை தாண்டி ஹபரணையில் ஒரு கடையில் நிறுத்தி, உள்ளே போய் வர அவவுக்கு அரை மணித்தியாலம். தம்புள்ள, குருநாகல், பிறகு நீர்கொழும்புப் பக்கம். கட்டுநாயக்கவில் இறங்கும்போது காலிரண்டும் வீங்கிச் செருப்புப் போட முடியவில்லை. திரும்பி வரும்போது அதே பாதை, அதே வான், ஜெட்லாக் வேறு. "மகன், மக்காவுக்குப் போறது லேசு, கட்டுநாயக்கவுக்குப் போறதுதான் கஷ்டம்" என்றா உம்மா. அந்த இரவு திமிலைதீவில் விமானம் ஏறியிருந்தால் எவ்வளவு நல்லாயிருந்திருக்கும் என்று நானும் நினைத்தேன். நினைக்காதவன் கல் நெஞ்சன்.

ஆனால் நான் படிப்பிப்பது கணிதம். ஆசைப்பட்டதை எல்லாம் ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்க்கிற பழக்கம் தொழிலோடு வந்துவிட்டது.

நம் நாட்டில் இந்தக் கணக்கை ஒருமுறை போடாமல் விட்டோம். அதன் பெயர் மத்தள. பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் ஒரு பகிடி. பெரியவர்களும் அப்படித்தான் பேசுகிறோம். ஆனால் அங்கே நடந்ததை ஒழுங்காகப் பார்த்தால் சிரிப்பு வராது.

2013 மார்ச் 18ஆம் திகதி திறந்தார்கள். செலவு 209 மில்லியன் அமெரிக்க டொலர். அதில் 190 மில்லியன் சீனாவின் எக்ஸிம் வங்கியிடம் பெற்ற கடன். 3,500 மீற்றர் ஓடுபாதை, உலகத்தின் மிகப் பெரிய பயணிகள் விமானமான ஏ380 கூட இறங்கலாம். வருடத்துக்கு 10 இலட்சம் பயணிகளைக் கையாளும் கட்டடம். முதலில் வீரவிலவில் கட்டத்தான் திட்டம் இருந்தது, சுற்றாடல் எதிர்ப்பு வந்ததும் மத்தளவுக்கு மாற்றினார்கள். மாற்றிய இடமும் யானைக் காடுதான்.

பத்தாம் வகுப்பில் ஒருநாள் இதையே கணக்காகக் கொடுத்தேன். 10 இலட்சத்தை 365ஆல் பிரித்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2,740 பேர். 180 ஆசனமுள்ள விமானம் என்றால், வருவதும் போவதுமாக ஒவ்வொரு நாளும் 15 விமானங்கள், எல்லாம் நிறைந்து. கணக்கைச் செய்து முடித்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "சேர், அவ்வளவு ஆக்கள் அம்பாந்தோட்டையில எங்க இருந்து வாற?" இந்தக் கேள்வியை அமைச்சரவையில் ஒருவர் கேட்டிருந்தால் போதுமாக இருந்திருக்கும். திறந்த முதல் இரண்டு வருடங்களிலும் அந்தப் பத்து இலட்சத்தில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

விமானங்கள் ஏன் வந்தன? மக்கள் ஏறியதால் அல்ல, அரசாங்கம் சொன்னதால். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் அரசின் நிறுவனம். போ என்றால் போக வேண்டும், ஒரு கைவிரல்களால் எண்ணக்கூடிய பயணிகளோடு இறங்கி ஏற வேண்டும். 2015 ஜனவரியில் ஆட்சி மாறியது, சில நாட்களிலேயே அந்தச் சேவை நின்றது. அரசியலால் வந்த விமானம் அரசியலோடு போய்விட்டது. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயமும் இல்லை. கடைசிவரை நின்றது பிளை துபாய், அதுவும் 2018 ஜூனில் போய்விட்டது. பிறகு கொழும்பில் வானிலை சரியில்லாமல் திருப்பி விடப்பட்ட விமானங்கள், எரிபொருளுக்கு இறங்கிய விமானங்கள், 2022 டிசம்பருக்குப் பிறகு ரஷ்யச் சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுவந்த சார்ட்டர் விமானங்கள். ஒரு சர்வதேச விமான நிலையம் இப்படித்தான் நாள் கடத்தியது.

சரக்குக் கூடத்தில் 2015இல் நெல் சேமித்தார்கள். விவசாயிக்குக் களஞ்சியம் கிடைத்தது நல்லதுதான், ஆனால் அவ்வளவு விலையான நெற்களஞ்சியம் உலகத்தில் வேறெங்கும் இருந்திருக்காது. 2016இல் ஓடுபாதைப் பக்கம் வந்த யானை, எருமை, மான்களை விரட்ட 350க்கும் மேற்பட்ட படையினரும் பொலிஸாரும் பட்டாசோடு போனார்கள். அதே வருடம் போர்ப்ஸ் சஞ்சிகை, உலகத்தின் மிக வெறுமையான சர்வதேச விமான நிலையம் என்று எழுதியது.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. 2020 பெப்ரவரியில் தெற்கு அதிவேகப் பாதையை மாத்தறையிலிருந்து அம்பாந்தோட்டை வரை, மத்தளவையும் தொட்டு, நீட்டித் திறந்தார்கள். விமான நிலையத்துக்கு ஆட்களைக் கொண்டுவரும் பாதை என்று பேசப்பட்டது. அதே பாதையில் அந்தப் பக்கத்து மக்கள் சில மணித்தியாலங்களில் கட்டுநாயக்கவுக்குப் போய்விடலாம். கட்டுநாயக்கவில் எந்த நாட்டுக்கும் விமானம் இருக்கிறது, எந்த நேரத்திலும் இருக்கிறது, டிக்கட்டும் மலிவு. மத்தளவில் இருந்தால் வாரத்துக்கு ஒன்று. நீங்கள் எங்கே போவீர்கள்? நல்ல பாதை வந்தது, பக்கத்தில் இருந்த விமான நிலையத்துக்கான மிச்ச சொச்சத் தேவையும் குறைந்துபோனது. அந்த மக்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது எது என்பதை அவர்களே காலால் காட்டிவிட்டார்கள்.

கடன் மட்டும் எங்கேயும் போகவில்லை. 2013இல் ஒரு டொலர் 127 ரூபா அளவில். இப்போது 300 ரூபா அளவில். அன்று வாங்கிய ஒரு டொலருக்கு ரூபா கணக்கில் இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்கிறோம். விமான நிலையங்களை எல்லாம் நடத்துவது ஒரே அரச கம்பனி. கட்டுநாயக்கவில் உழைப்பதை மத்தளவில் கொட்ட வேண்டும். கட்டுநாயக்கவில் உழைப்பது என்றால் யாரிடம்? டிக்கட்டுக்குள்ளேயே அறவிடப்படுகிற வெளியேறல் வரியைக் கட்டுகிற நம் ஊர்ப் பிள்ளைகளிடமும்தான். கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போகிற ராத்தாவும், சவூதியில் லொறி ஓட்டப் போகிற தம்பியும் அந்தக் காலி மண்டபத்தின் மின்சாரக் கட்டணத்தில் பங்காளிகள்.

கட்டுநாயக்கவின் கதை இன்னும் கசப்பு. அது வருடத்துக்கு 60 இலட்சம் பேருக்கான இடம். 2018இல் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வந்து போனார்கள். அங்கே விஸ்தரிப்பு உண்மையிலேயே தேவை, நின்று கால் கடுத்த எல்லோருக்கும் தெரியும். ஜப்பானின் ஜைக்கா கடனில் இரண்டாவது டேர்மினல் வேலை 2020இல் தொடங்கியது. 2022இல் நாடு வங்குரோத்தாகிக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்ததும் அந்த வேலையும் நின்றுபோனது. ஆட்கள் இல்லாத இடத்தில் கட்டி முடித்துவிட்டோம். ஆட்கள் நெருக்குகிற இடத்தில் கொங்கிறீட் தூண்களோடு நிறுத்திவிட்டோம்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

"மத்தள காடு சேர், மட்டக்களப்பில் சனம் இருக்கு" என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான பதில். அதனால் அந்தச் சனத்தைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். கடிதத்தில் முதல் காரணமாக ஹஜ், உம்றா போட்டிருக்கிறது. ஹஜ்ஜுக்கு முழு இலங்கைக்கும் அண்மைய வருடங்களில் கிடைத்த கோட்டா 3,500 பேர். கொழும்பு, கண்டி, புத்தளம், பேருவளை, நம் கிழக்கு, எல்லாம் சேர்த்து. அத்தனை ஹாஜிகளும் மட்டக்களப்புக்கு வந்துதான் ஏற வேண்டும் என்று சட்டம் போட்டாலும், 180 ஆசன விமானத்தில் 20 பயணம். வருடத்துக்கு 20! மீதி 345 நாள் அந்த டேர்மினலில் என்ன செய்வது? உம்றா அதைவிடக் கூட என்பது உண்மைதான். ஆனால் அதுவும் ரமழானிலும் பாடசாலை விடுமுறையிலும் குவிந்து மற்ற மாதங்களில் வற்றிவிடுகிற கூட்டம். விமானக் கம்பனி அப்படி ஓடாது. போகும்போது நிறைய வேண்டும், வரும்போதும் நிறைய வேண்டும், வாரா வாரம் வேண்டும், அடியில் சரக்கும் வேண்டும்.

இரண்டாவது காரணம் வெளிநாட்டு வேலை. இதில் நம்மில் பலரும் யோசிக்காத ஒரு விடயம் இருக்கிறது. முதல் தடவை போகிற ஒருவர் ஏஜென்சி, மெடிக்கல், விசா என்று கொழும்புக்கு எத்தனை தடவை போகிறார்? விமானம் ஏறும் பயணம் அதில் கடைசிப் பயணம் மட்டும்தான். ஓடுபாதையை நீட்டினால் அந்த ஒரு பயணம் மிச்சம், மற்றப் பயணங்கள் அப்படியே. தூதரகங்கள் எல்லாம் கொழும்பில் இருக்கிற வரைக்கும் கொழும்புப் பாதை நமக்கு வாழ்க்கைப் பாதை.

அந்தப் பாதையைப் பற்றி யாரும் கடிதம் எழுதுவதில்லை. மத்திய அதிவேகப் பாதையில் மீரிகமயிலிருந்து குருநாகல் வரையான பகுதி 2022 ஜனவரியில் திறந்தது. கடவத்தயிலிருந்து மீரிகம வரையான துண்டு கடன் நின்றதால் வருடக்கணக்கில் பாதியில் கிடந்தது. இரவு ரயிலைச் சொன்னால், 2025 பெப்ரவரியில் நம் மீனகயா ஹபரணைப் பக்கம் யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் செத்தன, ரயிலும் தடம்புரண்டது. யானைக்கும் பாதுகாப்பில்லை, நமக்கும் பாதுகாப்பில்லை. அந்தப் பாதையில் ஒழுங்கான ரயில் ஒன்று, கட்டுநாயக்க வாசலுக்கே போகிற ஒழுங்கான இரவு பஸ் ஒன்று, சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய மாதிரி. என் உம்மாவுக்கு அது போதுமாக இருந்திருக்கும். விமானம் ஏறாத ஆயிரம் பேருக்கும் அது உதவும்.

அப்போ மட்டக்களப்பு விமான நிலையம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். இதில்தான் எனக்கும் காக்காவுக்கும் உண்மையான வித்தியாசம்.

பலாலியைப் பாருங்கள். 2019 ஒக்டோபரில் திறந்தார்கள். அங்கே யாரும் ஏ380 பற்றிப் பேசவில்லை. 1,400 மீற்றர் அளவான ஓடுபாதை, ஒரு சின்னக் கட்டடம், சென்னையிலிருந்து எழுபது பேர் ஏறக்கூடிய ஏடீஆர் விமானம். கொவிட்டில் நின்றது, 2022 டிசம்பரில் திரும்பவும் தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் வந்தது, 2025 மார்ச் இறுதியில் திருச்சிக்கும் பறக்கத் தொடங்கினார்கள். ஏன் பிழைத்தது? சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் போகிற வாற சனம் முதலே இருந்தது. 1947இல் எயார் சிலோன் தன் முதல் பயணத்தையே காங்கேசன்துறை வழியாக மெட்ராஸுக்குத்தான் விட்டது. வைத்தியம், கலியாணம், கோயில், வியாபாரம், உறவு. சனம் இருந்த இடத்துக்கு விமானம் வந்தது. விமானம் நின்று பிடித்ததால் இப்போது விஸ்தரிப்பு பற்றிப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சிலும் முள் இருக்கிறது. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய மக்களில் பலர் இன்னும் தங்கள் காணிக்காகக் காத்திருக்கிறார்கள். ஓடுபாதை நீள்வது என்றால் யாரோ ஒருவரின் காணிக்குள்தான் நீளும். ஊரை விட்டு எழுப்பப்படுவது என்றால் என்ன என்று வடக்கு முஸ்லிம்களைக் கேட்டால் சொல்வார்கள். திமிலைதீவிலும் சுற்றி இருப்பது வெறும் நிலமில்லை. வாவி இருக்கிறது, வயல் இருக்கிறது, வீடுகள் இருக்கின்றன, அவற்றில் இருப்பவர்கள் நம் தமிழ் அயலவர்கள். இந்தக் கடிதத்தை எழுதும்போது அவர்களில் ஒருவரிடமாவது கேட்டோமா?

மட்டக்களப்பு ஓடுபாதை 1,500 மீற்றருக்குக் கொஞ்சம் மேல். பலாலியில் ஏடீஆர் இறங்கத் தொடங்கிய நீளத்தைவிட இது குறைவில்லை. விமானப் படையிடமிருந்து எடுத்து, 2018இல் சிவில் பாவனைக்குத் திறந்தார்கள். பெயருக்கு முன்னால் 'சர்வதேச' என்று சேர்த்துச் சொல்லவும் பழகிவிட்டோம். ஆனால் நம்மில் எத்தனை பேர் அங்கிருந்து பறந்திருக்கிறோம்? உள்நாட்டுச் சேவை என்று வந்தது எட்டுப் பேர் ஏறும் சின்ன விமானம், பாசிக்குடா ஹோட்டல்களுக்குப் போகிற வெள்ளைக்காரர்களுக்கான விலையில். ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் அதைப் பற்றி நினைக்கவும் முடியாது. இருக்கிற ஓடுபாதையே ஆளில்லாமல் வெயில் காய்கிறது. இருக்கிறதை நிரப்பாமல் இன்னும் ஒரு கிலோமீற்றர் கேட்பது எந்தக் கணக்கு?

நமக்கும் தமிழ்நாட்டோடு போக்குவரத்து இருக்கிறது. காத்தான்குடிப் புடவைக் கடைக்காரர் சென்னைக்குப் போகிறார். கல்முனையிலிருந்து கண் ஒப்பரேசனுக்கும் இருதய வைத்தியத்துக்கும் போகிறார்கள். மட்டக்களப்புத் தமிழ்ச் சகோதரர்கள் கோயில்களுக்குப் போகிறார்கள். இவ்வளவு பேரும் எட்டு மணித்தியாலம் மேற்கே போய், கட்டுநாயக்கவில் ஏறி, வடக்கே பறக்கிறார்கள். வாரத்துக்கு மூன்று நாள், எழுபது ஆசன விமானம் திருச்சிக்கோ சென்னைக்கோ போய் வந்தால் வருடத்துக்கு 21,840 ஆசனம். இது நிரப்பக்கூடிய எண். தமிழும் முஸ்லிமும் சேர்ந்தால் நிரப்பலாம், தனித்தனியாக நின்றால் முடியாது. தீயணைப்பு, விளக்கு, குடிவரவு, சுங்கம், ஓடுபாதையின் பலம் எல்லாம் பொறியியலாளர்களும் அதிகாரிகளும் பார்க்கட்டும். அதற்கும் செலவுதான், ஆனால் 190 மில்லியன் டொலர் கடன் இல்லை. இரண்டு வருடம் விமானம் நிறைந்து ஓடினால், பெரிய விமானம் கேட்பதற்கு நம் கையில் எண் இருக்கும். ஓடாவிட்டால், நட்டம் சின்ன நட்டம்.

"அரசியல்வாதி தாறேன் என்று சொல்லும்போது வாங்கிப் போட்டுக்க வேணும், பிறகு கிடைக்காது" என்று என் சகோதர ஆசிரியர் ஒருவர் ஸ்டாப் றூமில் சொன்னார். அவர் சொல்வதில் முப்பது வருட அனுபவம் இருக்கிறது, மறுக்கவில்லை. கிழக்குக்கு என்று ஒதுக்கிய எத்தனையோ வேறு பக்கம் போயிருக்கின்றன. ஆனால் அம்பாந்தோட்டை மக்களும் அப்படித்தானே வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். நாட்டுக்கே தலைவரைக் கொடுத்த மாவட்டம், கேட்டதெல்லாம் கிடைத்தது. அங்கே இருக்கிற மலாய் முஸ்லிம் குடும்பங்களுக்கும் ஹஜ்ஜுக்குப் பக்கத்திலேயே விமானம் என்று ஒரு கனவு இருந்திருக்கும். அவர்களும் இன்று அதிவேகப் பாதையில் கட்டுநாயக்கவுக்குத்தான் போகிறார்கள்.

காக்காவுக்கு நேற்று கோல் எடுத்தேன். கோபம் கொஞ்சம் தணிந்திருந்தார். கடிதத்தில் ஓடுபாதை, டேர்மினல் என்று இருக்கிற இரண்டு பந்தியையும் எடுத்துவிட்டு, மூன்று விடயம் எழுதுவோம் என்று சொன்னேன். இருக்கிற ஓடுபாதையில் தமிழ்நாட்டுக்கு ஏடீஆர் சேவையைப் பரீட்சார்த்தமாகத் தொடங்குவது. மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்க வாசல் வரை நேரடி இரவு பஸ், வயதானவர்கள் ஏறக்கூடிய மாதிரி. விமான நிலையத்தின் வரவு செலவை ஒவ்வொரு வருடமும் நம் மொழியில் பகிரங்கமாக வெளியிடுவது. மூன்றாவது எதற்கு என்று கேட்டார். பிள்ளைகளுக்குக் கணக்குக் கொடுக்க என்றேன். சிரித்தார்.

கடிதத்தைத் திமிலைதீவு, வலையிறவுப் பக்கத்து ஆட்களிடமும் காட்ட வேண்டும், அவர்களின் கையெழுத்தும் வேண்டும் என்பதற்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "முதல்ல நம்மட ஆக்கள்ட வாங்குவம்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை மஃரிபுக்குப் பிறகு அவர் வீட்டில் இருந்து பேசுவதாக இருக்கிறது. வரக்கூடியவர்கள் வாருங்கள். அந்தப் பக்கத்தில் படிப்பிக்கிற தமிழ் ஆசிரிய நண்பர்கள் இரண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.